மாமா வடிகட்டிய தண்ணீர்

பாசன நீர் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'உப்பு' என்று பெயர். வேலையே அதுதான்: விவசாயிகள் பாட்டிலில் கொண்டுவரும் தண்ணீரில் மீட்டரின் முனையை முக்கி, உப்பு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். ஒன்றுக்குக் கீழே என்றால் எலுமிச்சைக்கு ஆகும். மூன்றைத் தாண்டினால் எலுமிச்சை உலகத்தை விட்டே கிளம்பிவிடும்.

அன்று காலை மீட்டர் 4.8 என்றது. முனையைக் கழுவித் துடைத்து மறுபடி முக்கினார். மீட்டருக்கு உறவுமுறை தெரியாது. மறுபடியும் 4.8.

அது அவருடைய அக்கா வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, கொண்டுவந்தபோது இதே மேசையில் 0.4 காட்டியிருந்தது. அதை நம்பித்தான் அக்கா நானூறு எலுமிச்சைக் கன்று வைத்து, கன்றுக்குக் கன்று சொட்டுநீர்க் குழாய் இழுத்தாள். இப்போது நுனி கருகி இலை கொட்டுகிறது. "உரம் பத்தலை போல" என்று மாமா சொன்னதை நம்பாமல், நேற்று உப்பு தானே போய் மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பிடித்துவந்த தண்ணீர் இது.

பழைய படிவத்தைத் தேடி எடுத்தார். 'மாதிரி எடுத்த இடம்' என்ற கட்டத்தில் 'ஆழ்துளைக் கிணறு' என்றிருந்தது. உப்பின் கையெழுத்துதான். வருகிற அத்தனை பேரையும் "எங்க பிடிச்சீங்க, எப்போ பிடிச்சீங்க" என்று போலீஸ்காரர் மாதிரி குடைபவர், மாமாவிடம் மட்டும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மதியம் தோட்டத்துக்குப் போனார்.

"மாமா, அன்னிக்கு அந்தத் தண்ணிய எங்க பிடிச்சீங்க?"

"ஏன் மாப்ள, நல்லாத்தானே இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் கேக்குறேன்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே வியர்வை ஒன்றும் இல்லை.

"தெருக்குழாயில வர்ற குடிதண்ணி மாப்ள. வீட்டுக் குடத்துல இருந்து எடுத்தேன். மோட்டார்ல பிடிச்சா கலங்கலா, ஒரு மாதிரி வாடை. ஆபீஸ்ல நாலு பேர் பாப்பாங்க, 'இதையா உங்க மாமா கொண்டாந்தாரு'ன்னு கேட்டா உனக்குத்தானே கேவலம்? துணியில வடிகட்டி வேற கொண்டாந்தேன்."

உப்பு திட்ட வாயெடுத்தார். ஆனால் மச்சினன் மானத்துக்காகத் தண்ணீரை வடிகட்டிய மனிதரை எந்த வார்த்தையால் திட்டுவது?

கன்றுகளைச் சுற்றி மண்ணில் வெள்ளை வளையம் கட்டியிருந்தது. சொட்டுநீரில் எதுவும் வீணாகாது என்று விவசாயிகள் கூட்டங்களில் முழங்கியவர் அவர்தான். உண்மைதான். உப்பு ஒரு சிட்டிகைகூட வீணாகாமல் வேருக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"நிறையத் தண்ணி விட்டு உப்பக் கழுவிடலாமா மாப்ள?"

"எந்தத் தண்ணிய மாமா?"

தோட்டத்துக்கு இருப்பது அந்த ஒரே தண்ணீர்தான். மாமா குரலைத் தாழ்த்தினார். "நான் பண்ணத உங்கக்காகிட்ட சொல்லிடாத. முதல் வரிசைக் கன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வெச்சிருக்கா அவ. கோணலா வளந்த ஒண்ணுக்கு உன் பேரு."

வரிசைகளுக்கு நடுவிலிருந்து அக்கா வந்தாள், மடி நிறைய உதிர்ந்த இலையோடு. "என்னடா சொல்லுது உன் மெஷின்?"

சொன்னார்.

"அப்போ அன்னிக்கு நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்தியே?"

மாமா தரையைப் பார்த்தார்.

"என் தப்புக்கா. விசாரிக்காம எழுதிட்டேன்."

பொய்யில்லை, பாதி உண்மை. மறுபாதி பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றது.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே அவள் திட்டிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். அவள் திட்டவில்லை. "இனிமே தம்பியா வா. ஆபீசரா வராத" என்றாள். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

இலைகளை வரப்பில் கொட்டிவிட்டு வால்வுப் பக்கம் நடந்தாள்.

"அக்கா, வேணாம். அந்தத் தண்ணி..."

"விடலேன்னா?"

"காஞ்சிடும்."

"விட்டா?"

உப்பு கன்றைச் சுற்றியிருந்த வெள்ளை வளையத்தைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். பிறகு, "வெயில் கொளுத்துது, பாவம் அதுங்க" என்று சொல்லிக்கொண்டே வால்வைத் திறந்தாள்.