ஆவியம்பாளையத்து முதுகெழுத்து

வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒன்பதாவது கிலோமீட்டரில் உள்ள ஆவியம்பாளையத்தில், சுடுநீர் ஊற்றின்மேல் கட்டிய பொதுக் குளியற்கூடத்தில் குளிப்பவர் எவரானாலும், வெந்நீர் பட்ட கால் மணி நேரத்துக்குள், அவர் யாரிடமும் சொல்லாத செய்தி ஒன்று அவர் முதுகில் எழுத்தாகத் தோன்றும். எழுத்து அவரவர் கையெழுத்திலேயே இருக்கும், ஒற்றுப்பிழைகளும் அவரவருடையவையே. பாசிப்பயற்று மாவும் பீர்க்கங்கூடும் கொண்டு தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் அழிந்துவிடும். தன் முதுகைத் தானே தேய்க்க இயலாது என்பதால், ஊரில் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டாம் வயதில் ஒரு முதுகுச்சோடி அமர்த்தப்பட்டது. சோடி படிக்கலாம், படித்ததை அழிக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. ஒருவருக்கு ஒரு சோடிதான். சோடி வராத நாளில் மற்றவருக்கும் அனுமதி இல்லை. சோடி இறந்துபோனால், மிஞ்சியவர் அதன்பின் வீட்டில் வாளித் தண்ணீரில் குளித்துக்கொள்ள வேண்டியதுதான். பெண்களுக்குச் செவ்வாய், ஆண்களுக்குப் புதன். கைப்பேசி வந்த பிறகு, அதை வைத்துவிட்டுப் போக வாசலில் ஒரு மரத்தட்டு அடித்தார்கள். வேறு மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

சாந்தாமணியும் அன்புக்கரசியும் முப்பத்து நான்கு ஆண்டுகள் சோடியாக இருந்தார்கள். திருமணத்துக்கு முந்தின வாரம் அன்புக்கரசி வேறொருவரின் பெயரை முதுகில் சுமந்து வந்ததைச் சாந்தாமணி தேய்த்து அழித்தார். சாந்தாமணி தம் மாமியாரின் சாவுக்கு மனத்துக்குள் நாள் குறித்து வைத்திருந்ததை அன்புக்கரசி அழித்தார். 2021இல் அன்புக்கரசியின் கணவர் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம் கிடந்தார். கூடத்து நீர் அப்போதே கணுக்காலளவுக்கு இறங்கி, ஆறியும் போயிருந்ததால், அதைக் காய்ச்சித்தான் முதுகுக்கு ஊற்றினார்கள். ஊற்றின் சூடு வாதத்துக்கு மருந்து என்பார்கள்; ஆறிய நீரில் அவரை உட்காரவைத்துப் பார்த்ததில் பயனில்லை. அந்த எட்டு மாதமும் அன்புக்கரசியின் முதுகில், ழகரத்தின் வாலை இரண்டு முறை சுழிக்கும் அவருடைய கையெழுத்தில், 'இன்றைக்காவது எழுந்துவிடட்டும்' என்ற ஒரே வரிதான் வந்தது. கணவர் எழவில்லை. காரியம் முடிந்த மறு செவ்வாய் முதுகு வெறுமையாக இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து அதே நோய் சாந்தாமணியின் கணவர் குமாரசாமியின் வலக்கையை எடுத்துக்கொண்டது. அவருடைய சோடி தாராபுரம் சாலையில் லாரி மோதி இறந்து வெகுநாளாகியிருந்ததால், கூடத்தில் அவருக்கு இடமில்லை. கோயமுத்தூர் மருத்துவர் கையைத் தூக்கிப் பார்த்து, கீழே விட்டு, இனி இவ்வளவுதான் என்றார். அந்தச் சித்திரையில் சாந்தாமணியின் அடுப்படித் தரை விரிந்து, டம்ளர் வாயளவுத் துளை வழியாகச் சுடுநீர் கிளம்பியது. அவர் அதன்மேல் ஓர் அண்டாவைக் கவிழ்த்துவைத்து, வெளியே சொல்லாமல் இருந்துகொண்டார். சுடுநீர் எங்கே கிளம்பினாலும் அந்த இடம் கூடத்துக்குச் சொந்தம் என்பது ஊர் வழக்கம். 1961இல் ஒரு மாட்டுத்தொழுவம் அப்படித்தான் கூடமாயிற்று. நாள்தோறும் கணவரின் கையை அந்த நீரில் அமிழ்த்தினார். இருபதாம் நாள் சுண்டுவிரல் அசைந்தது. நாற்பதாம் நாள் குமாரசாமி தட்டிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து, வாய்க்குப் போகுமுன் நழுவவிட்டார். இன்னும் நாற்பது நாள் போதும் என்று சாந்தாமணி கணக்கிட்டார். அதுவரை தம் முதுகை நனைக்காமல் இருந்தால் சரி. ஊற்று கிளம்பியது முதலே, காய்ச்சல் என்று சொல்லி ஏழு செவ்வாய் கூடத்துக்குப் போகாமல் இருந்தார்.

எட்டாம் செவ்வாய்க்கு முதல் நாள் அன்புக்கரசி வாசலில் வந்து நின்றார்.

"ஏம்புள்ள, ஏழு வாரமா எம்பட முதுகு ஊறாமக் கெடக்குது. மகாராணிக்குக் காச்ச எப்பத்தான் உடுமாமா?"

"இன்னும் ஒரு வாரம் போகட்டும் புள்ள."

"எட்டாவதும் தவறுனாச் சோடி முறிஞ்சுபோகும். அப்பறம் ரெண்டு பேருத்துக்கும் கதவு சாத்துனதுதான். உனக்கு ஊட்டுக்காரரு இருக்காரு, பேச்சுத்தொணைக்கு. அந்த ஒரு நாளை உட்டா எனக்கு என்ன இருக்குது, நீயே சொல்லு."

அது உண்மை. முப்பத்து நான்கு ஆண்டில் ஒரு சொல் வெளியே கசிந்ததில்லை என்பதும் உண்மை. சாந்தாமணி மறுநாள் போனார்.

அன்புக்கரசி முதுகைப் படித்தார். 'அடுப்படியில் ஊற்று இருக்கிறது. அவர் விரல் அசைகிறது. யாருக்கும் தெரியக் கூடாது.' தோல் சிவக்கும்வரை தேய்த்தார். பிறகு, "பெருசா ஒண்ணுமில்ல புள்ள, நேத்து வெச்ச கொளம்புல உப்புப் பத்துலயாமா" என்றார். இருவரும் சிரித்தார்கள். அழித்த பிறகு அவர் வாய் திறந்தது அதுவே முதல் தடவை என்பதைச் சாந்தாமணி அப்போது கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை கூடத்துப் பொறுப்பாளர் சென்னகேசவன் பதினொரு பேரோடும் ஒரு கடப்பாரையோடும் வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. அண்டாவைச் சித்த நகத்துனீங்கன்னாப் போதும்."

யார் சொன்னது என்று சாந்தாமணி கேட்கவில்லை. அண்டா என்ற சொல் முதுகில் வந்திராது; அதை வாசலில் நின்றே பார்த்திருக்கலாம். ஆனால் ஊற்று என்ற சொல்லைப் படித்தவர் ஒருவர்தான். அந்த ஒருவர் கூட்டத்தின் கடைசியில், கையில் கொள்ளுப்பருப்பு நிறைந்த போசிப் பாத்திரத்தோடு நின்றிருந்தார்.

"ஊரு பூராத் தண்ணியில்லாமக் கெடக்குது புள்ள. ஊருக்காவத்தான் சொன்னேன்" என்றார் அன்புக்கரசி.

சாந்தாமணி சென்னகேசவன் பக்கம் திரும்பிக் கேட்டார்: "கூடம் வந்தா எங்க ஊட்டுக்காரரை உள்ள உடுவீங்களா?"

"சோடியில்லாதவங்களை எப்படீங்கம்மா உடறது? வழக்கம்னு ஒண்ணு இருக்குதுங்களே."

வீட்டை மூன்று வாரத்தில் இடித்துக் கூடமாக்கினார்கள். வற்றிப்போன பழைய கூடத்தைச் சாந்தாமணிக்குக் குடியிருக்கக் கொடுத்தார்கள். அதற்குள் குமாரசாமியின் சுண்டுவிரல் அசைவை மறந்துவிட்டது.

புதிய கூடத்தின் முதல் செவ்வாயன்று சாந்தாமணி கணவரை அழைத்துப் போய், கழிவுநீர் வெளியேறும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு கல்லில் உட்காரவைத்து, வலக்கையை அதில் இட்டுவிட்டு உள்ளே சென்றார். வாய்க்காலைப் பற்றி வழக்கம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தம் அடுப்படி இருந்த இடத்தில் அமர்ந்து அன்புக்கரசியின் முதுகுக்கு நீர் ஊற்றினார். எழுத்து வந்தது: 'ஊருக்காக நான் சொல்லவில்லை. என்னவர் எழவில்லை. அவளவரும் எழ வேண்டாம்.'

கூடத்தில் அப்போது நாற்பது பெண்கள் இருந்தார்கள். சாந்தாமணி அதை இரண்டு முறை படித்தார். பிறகு பயற்று மாவைக் குழைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒழுங்காகத் தேய்த்து அழித்தார். வாய் திறக்கவில்லை.

அழிந்த நீர் வாய்க்காலுக்குப் போயிற்று. குமாரசாமியின் வலக்கை நீரிலிருந்து தானே எழுந்தது. இடித்த அடுப்படியிலிருந்து வாய்க்கால் ஓரத்தில் கிடந்த கரித்துண்டு ஒன்றைப் பற்றியது. கூடத்தின் புதுச்சுவரில், வால் இரண்டு முறை சுழிக்கும் ழகரங்களோடு, அந்த மூன்று வாக்கியத்தையும் எழுதியது. குமாரசாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த அன்புக்கரசி சுவரைப் படித்துவிட்டுத் திரும்பினார். "சொல்லிப்போட்டியா புள்ள?"

"நாஞ் சொல்லுல. சோடியாச்சே."

அந்த வாரம் வாய்க்காலை அடைத்துப் பார்த்தார்கள்; கூடம் இடுப்பளவு நிரம்பியதால் திறந்துவிட்டார்கள். குளிப்பதை யாரும் நிறுத்தவில்லை. இப்போது செவ்வாயும் புதனும் குமாரசாமி கல்லில் அமர்கிறார், கை எழுதுகிறது, உள்ளே போகுமுன் எல்லோரும் சுவரைப் படித்துக்கொள்கிறார்கள், திங்கட்கிழமை வெள்ளையடிக்கிறார்கள். அன்புக்கரசி தவறாமல் வருகிறார். சாந்தாமணி தேய்க்கிறார். வலக்கை கரித்துண்டைத் தவிர வேறெதையும் பற்றுவதில்லை. வேர்க்கடலையைக் குமாரசாமி இடக்கையால் எடுத்துச் சாப்பிடுகிறார்.