ஐந்து வருஷ வரிசை

எங்கள் ஊரில் ஓட்டுப் போடும் வரிசை ஐந்து வருஷமும் கலையாமல் நிற்கும். பள்ளிக்கூட வாசலில் தொடங்கி, வேப்பமரத்தைச் சுற்றி, தபால் ஆபீஸ் வரை போகும். கலைந்தால் அந்த ஊருக்குத் தேர்தல் வராது. பக்கத்து நெட்டூரணியில் ஒரு கல்யாணப் பந்திக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போய்விட்டார்கள். இருபத்து மூன்று வருஷமாக அன்றைக்கு இருந்த தலைவரே அங்கே தலைவர். அவருடைய திறப்பு விழாக் கல்வெட்டுகளுக்கு இடம் போதாமல் இப்போது வயலில் நடுகிறார்கள்.

என் இடம் பன்னிரண்டு. நான் தையல்காரி, மிஷினும் என்னோடு வரிசையில்தான் நிற்கிறது. முன்னால் பிஸ்கட் வியாபாரி ஜமால் பாய், பின்னால் இஸ்திரி போடும் பூங்காவனம். வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போனால் அவர் இடத்தில் என் ஒரு கால் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசைக்குப் போனால் என் இடத்தில் பூங்காவனத்தின் கால். பிரதோஷத்துக்கு அவள் கிளம்பினால் நாங்கள் கொஞ்சம் பின்னால் சரிந்துகொள்வோம். கோயில் குருக்களும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் எங்கள் சர்ச் சாமியாரும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது.

இந்த வருஷம் பங்குனி உத்திரமும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. வெள்ளி என்றால் ஜும்மாவும் உண்டு. நடுப்பகலில் நிற்க ஊரில் ஆளில்லை. என் மகள் டெய்சிக்குப் பதினெட்டு முடிந்து, போன வாரம்தான் வரிசையின் கடைசியில் சேர்ந்திருந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு முதல் ஓட்டு. கலைந்தால் ஆயுசுக்கும் போட மாட்டாள்.

முந்தின நாள் குருக்கள், ஹஜ்ரத், சாமியார் மூவரும் வேப்பமரத்தடியில் பேசினார்கள்.

"தேரைக் கொஞ்சம் தள்ளி இழுக்கலாமா?" என்றார் ஹஜ்ரத்.

"முகூர்த்தம் குறிச்சாச்சே. ஜும்மாவை?" என்றார் குருக்கள்.

"அதெப்படி?" என்றார் ஹஜ்ரத்.

"நாங்க தள்ளி வெச்சா அது பெரிய வெள்ளியே இல்ல" என்றார் சாமியார்.

பூங்காவனம் சலித்துக்கொண்டாள். "ரேஷன் கடையில என்ன பண்றோம்? செருப்பைப் போட்டு இடம் பிடிக்கிறோம்ல? சாமி கும்பிடச் செருப்பு எதுக்கு? அது இங்க நிக்கட்டும்."

மூவரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் செருப்புகளில் சாக்கட்டியால் எண் எழுதி, வரிசையில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். தார் ரோடு கொதித்தது. எங்கள் ஊர்த் தலைவர் தாமோதரன் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நெட்டூரணித் தலைவரைப் போல இருந்துவிட அவருக்கும் ஆசை.

"போய்ட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதுதான் என் கவலை. மூன்று மணி நேரம் சிலுவைக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். நினைப்பெல்லாம் டெய்சியின் ரப்பர் செருப்பில்தான் இருந்தது. பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

திரும்பியபோது வரிசை அப்படியே இருந்தது. பாயின் செருப்பு மட்டும் வார் அறுந்து என்னுடையதன் மேல் சாய்ந்திருந்தது. தலைவர் வெறுங்காலை நாற்காலி மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்தையும் அள்ளிப் போடத்தான் எழுந்தேன், பொய் சொல்லல. அதுக்குள்ள என் செருப்பு தானா நடந்துபோய் வரிசையில நின்னுடுச்சு" என்றார்.

அவருடைய கறுப்புத் தோல் செருப்பு டெய்சியின் செருப்புக்குப் பின்னால் நின்றது. அதற்குப் பின்னாலும் வரிசை போயிற்று. தபால் ஆபீஸைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, நெட்டூரணி சாலையில் கண்ணுக்கு எட்டும் வரை செருப்புகள். எல்லாவற்றிலும் அந்த ஊர்ச் செம்மண். சில ஜோடிகள் சின்னப் பிள்ளைகள் போடும் அளவு, இருபத்து மூன்று வருஷப் பழசு. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது என் மகளைவிட வயது கூட.

பூங்காவனம் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு எண் போடப் போனாள். குருக்களும் ஹஜ்ரத்தும் சாமியாரும் அவள் பின்னாலேயே குனிந்து, சாய்ந்து கிடந்த ஜோடிகளை நேராக்கி வைத்தார்கள்.

சாயங்காலம் நெட்டூரணிக்காரர்கள் செருப்பைத் தேடி வெறுங்காலோடு வந்தார்கள். டெய்சி ஒவ்வொருவருக்கும் எண்ணைச் சொல்லி இடத்தில் நிற்கவைத்தாள். கடைசியாக வந்தவர் அந்த ஊர்த் தலைவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"உங்களுது ஆயிரத்து முந்நூத்தி ஆறு, ஐயா" என்றாள் டெய்சி. "பாலத்துக்கு அந்தப் பக்கம்."