எல்லைக் கிழங்கு

வெள்ளைக்காரன் கொடி இறங்க இரண்டு நாள் இருக்கும்போது, கதோகோ காப்பித் தோட்டத்தைத் தோண்டினான். வெள்ளைக்காரனை எதிர்த்து முகாம் சிறையில் ஆறு வருஷம் கிடந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பியவன். அவன் உள்ளே இருந்தபோது அவன் நிலத்தைத் தலையாரி ம்புதியா தன் பேரில் எழுதிக்கொண்டான், காப்பி வைத்தான். அதில் கூலிக்குக் களை பறித்துத்தான் அவன் மனைவி நியாகியோ பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

"சுயராஜ்யம் வந்தா நெலம் வரும்டி" என்றான் கதோகோ. மூன்றாவது வரிசையில் அவன் அப்பன் எல்லை அடையாளமாக நட்ட காட்டு லில்லிக் கிழங்கு அகப்பட்டது. அதைப் பிடுங்கி அடுத்தவன் எல்லையை அழிக்கிறவன் வம்சம் விளங்காது என்பார்கள். ம்புதியா பிடுங்கவில்லை, மேலே மண்ணைப் போட்டு மூடியிருந்தான்.

கொடியேற்றத்தன்று ம்புதியா வீட்டு வாசலில் காளை அறுத்து விருந்து. அவன் தலையில் புதுக் கட்சித் தொப்பி. கதோகோ கிழங்கைக் கொண்டுபோய் நடுவில் வைத்தான்.

"என்னப்பா, சமைக்கவா?" என்றான் ம்புதியா. எல்லாரும் சிரித்தார்கள்.

கிழங்கு நட்டபோது சாட்சியாக நின்றவர்களில் உயிரோடிருப்பது கிழவர் ந்திராங்கு ஒருவர்தான். நியாகியோ அவர் முன்னால் போய் நின்றாள்.

"பெரியவரே, இதத் தொட்டு, இது எங்க எல்லை இல்லன்னு சொல்லுங்க. நாங்க போயிடறோம்."

கிழவர் கையில் விலா எலும்பு. நிமிரவே இல்லை.

"கையெல்லாம் கொழுப்பும்மா. எப்படித் தொடறது?"

சிரிப்பு நின்றது. எல்லைக் கிழங்கைத் தொட்டுப் பொய் சொன்னால் சாவு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். விருந்துக்கு வந்திருந்த கட்சிக்காரர் மட்டும் தொண்டையைக் கனைத்தார்.

"புது சர்க்கார் கிழங்கப் பாக்காதும்மா, பத்திரத்தத்தான் பாக்கும். ஓசியில எதுவும் கெடைக்காது."

கொடி ஏறியது. மேளம் முழங்கியது. ம்புதியா கதோகோவின் தோளில் கை போட்டான். "நாளைக்குப் பழம் பறிக்க வா தம்பி. உம் பொண்டாட்டிக்கு எல்லா வரிசையும் அத்துப்படி."

மறுநாள் வீட்டில் மாவு இல்லை. இரண்டு பேரும் கூடையோடு போனார்கள்.

"எவன்டா இங்க குழி வெட்டினவன்? செடி சாயுது, மூடு!" என்று மேஸ்திரி கத்தினான்.

கதோகோ மடியிலிருந்த கிழங்கை எடுத்து அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினான். நியாகியோ குதிகாலால் மிதித்து இறுக்கிவிட்டு, அந்தச் செடியின் பழத்தைப் பறிக்கத் தொடங்கினாள்.