ரவ்னீலின் காது

எங்கள் இசைத்தொகுப்பில் ஒன்பது பாட்டு. சிட்னியின் லிவர்பூல் பகுதியில், அண்ணன் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்து மூன்று வருடம் பதிவு செய்தோம். நான் பாடினேன். இலியேசா கிட்டார் வாசித்து ராப் சொன்னான். நாங்கள் ஃபிஜித் தீவுகளில் குடியேறிய இந்தியர் வழிவந்தவர்கள்; அவன் அங்கே லபாசா ஊரில் வளர்ந்த பூர்வகுடி ஃபிஜிக்காரன். எங்கள் ஹிந்தியை எங்களைவிடச் சரளமாகப் பேசுவான். டோலக்கும் தண்டதாலும் அண்ணன் ரவ்னீல். தண்டதால் என்பது நீண்ட இரும்புக்கம்பி. லாடத்தால் தட்டினால் கணீரென்று வெட்டும். பஜனையில் ஒலிக்கும் அதை ராக் டிரம்மோடு சேர்த்ததுதான் எங்கள் சரக்கு.

எல்லா ஒலிகளையும் சமன் செய்து ஒன்றாக்கும் மிக்ஸிங் வேலையை அண்ணன் யாரிடமும் விடவில்லை. வாரநாளில் தகரம் வெட்டும் தொழிற்சாலை, பதினாறு வருடமாக. சனி, ஞாயிறு கம்ப்யூட்டர்.

முதல் பாட்டை முடித்துப் போட்டுக் காட்டினான்.

"தண்டதால் காதைக் குத்துதுண்ணே."

"குத்தணும். கோயில் பஜனைன்னு நெனச்சியா?"

"மச்சான், பல் டாக்டர் மெஷின் மாதிரி இருக்குடா" என்றான் இலியேசா.

"உன் ராப்பைக் கேட்டா எனக்கும்தான் பல்லு கூசுது. பொறுத்துக்கறேன்ல?"

சிரித்துவிட்டோம். அண்ணன் பக்கத்து அறையில் ஒரு தந்தி சுருதி விலகினால்கூடப் பிடித்துவிடுகிறவன். அவன் காதுமேல் இருந்த நம்பிக்கை எனக்கு என் காதுமேல் இல்லை.

தொகுப்பு வெளியாக இரண்டு வாரம் இருந்தபோது, அண்ணன் சமையலறையில் பூரி சுட்டுக்கொண்டிருந்தான். எண்ணெய் புகைந்து, கூரையிலிருந்த அலாரம் வீறிட்டது. அதற்கு நேர் கீழே நின்று பூரியைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய்த் தோளைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்தான், பிறகு கூரையை.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றான்.

அந்தக் கீச்சொலி அவனுக்குக் கேட்கவே இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் உடைந்துபோவான் என்று நினைத்துக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. சொன்னால் தொகுப்பு இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். எனக்கோ அப்போதே முப்பத்தாறு வயது.

வெளியான வாரம் வானொலியில் இரண்டாவது பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை எழுதினார்கள்: காதுவலி. எங்களை அழைத்திருந்த விழாக்காரர்கள் மரியாதையாகக் கைவிட்டார்கள்.

இலியேசா என்னைத் தனியே கூப்பிட்டான். "அவனுக்குக் காது சரியாக் கேக்கலைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"மூணு வருசம், சஞ்சு!" ஆனால் அண்ணனிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவனே அண்ணனைக் காதுப் பரிசோதனைக்கு அழைத்துப்போனான். கீச்சென்ற உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது, திரும்பாது என்றார்கள். தனக்குக் கேட்கவில்லை என்பதால்தான் அண்ணன் அந்த ஒலிகளை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான்.

வேறொருவரை வைத்து முழுக்க மறுபடி மிக்ஸிங் செய்தோம். அருமையாக வந்தது. அண்ணன் ஸ்பீக்கர்மேல் கைவைத்துக் கேட்டான்.

"எல்லாம் சரி. தண்டதால் எங்க?"

"இருக்குண்ணே. அழகா இருக்கு."

"நீ சொன்னா இருக்கும்."

ஒருமுறை காது வலித்தவர்கள் மறுமுறை கேட்க வரவில்லை. இலியேசா பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். அண்ணன் அதே தொழிற்சாலைக்கு இப்போது காதுக்கவசத்தோடு போகிறான். டோலக்கை யாருக்கோ கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவனோடு எங்கள் ஊர் வேர்ப்பானமான காவா குடிக்கிறேன். எனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன்.

இரண்டு முறையும், "சத்தமாப் பேசு" என்றான்.

அதைச் சத்தமாகச் சொல்ல என்னால் முடியவில்லை.