விராலுக்கு விட்ட வீடு

செவ்வாய்க்கிழமை காலை மங்கையர்க்கரசியின் ஹாலுக்குக் குளம் வந்து சேர்ந்தது. ஊருக்கு வெளியே அதைத் தூர்த்துப் பஸ் ஸ்டாண்ட் கட்டுகிறார்கள். பாவம், அது வேறெங்கே போகும்? அதன் மீன்களைப் பற்றி வருஷக்கணக்கில் ஆராய்ச்சி பண்ணியவள் இவள் ஒருத்திதான். தெரிந்த முகம் என்று வந்துவிட்டது.

சோபாவை நகர்த்தி இடம் கொடுத்தாள். டிவிக்குக் கீழே தாமரை படர்ந்தது. விரால் ஜோடி ஒன்று, செக்கச்செவேலென்ற குஞ்சுகளைக் கூட்டமாக மேலே விட்டுவிட்டு, அடியில் காவல் நின்றது. குஞ்சு பொரித்துவிட்டால் விரால் அப்படித்தான். அப்பனும் ஆத்தாளும் இரைக்குக்கூடத் தூரம் போவதில்லை.

மத்தியானம் வீட்டு ஓனர் சிங்காரவேலு படியேறி வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மனுஷர் கறார்ப் பேர்வழி.

"என்னம்மா இது?"

"குளம் சார். போக்கிடம் இல்லாம வந்திருக்கு. இப்பத் துரத்துனா இந்தக் குஞ்செல்லாம் செத்துப்போகும்."

"அது கெடக்கட்டும். பேச்சிலரா, குடும்பமா?"

"குடும்பம்தான் சார். கீழ பாருங்க."

குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "ரெண்டு பேரும் புள்ளைங்க கூடவே இருக்காங்களே! இந்தக் காலத்துல யாரும்மா இருக்கா? தாராளமா இருக்கட்டும்."

மங்கையர்க்கரசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா நீங்க தனி ஆளுதானே? புருஷன் துபாய்ல இருக்கார்னு சொன்னது பொய்தானே?"

அவள் குனிந்து தாமரை இலை ஒன்றை ஒதுக்கினாள்.

"அப்ப சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிருங்கம்மா. குடும்பம் இருக்கற எடம்."

அடக் கடவுளே! இடம் பிடித்துக் கொடுத்தவளுக்கே இடமில்லையாம். பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். எங்கே போவதென்று தெரியவில்லை.

ஆண் விரால் தலையை வெளியே நீட்டியது.

"அவள எங்கய்யா அனுப்புறீங்க? அது எங்க மூத்த பொண்ணு."

சிங்காரவேலு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, ஜாடை அப்படியே இருக்கே! மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?" என்று கீழே இறங்கிப் போய்விட்டார்.

மங்கையர்க்கரசி பெட்டியை வைத்துவிட்டு அழுதாள். அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கி, குஞ்சுக் கூட்டத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்தாள்.

"மூச்சு முட்டுனா மேல போய்க் காத்து குடிச்சுட்டு வா தாயி" என்றது பெண் விரால். "நம்ம குடும்பத்துல எல்லாரும் அப்படித்தான்."