வாசலில் நின்ற ஈட்டிக்காரன்

வேட்டைக் கூட்டம் மான்களின் பின்னால் இடம்பெயரப் புறப்பட்ட வேளையில் அவள் புருஷனுக்குக் கால் முறிந்திருந்தது. முதல் பிள்ளைக்கு இன்னும் நடை வரவில்லை, இரண்டாவது வயிற்றில். ஒருத்தியால் ஒரு பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு நடக்க முடியும். "நீங்க போங்க, நாங்க இங்கேயே கிடக்கிறோம்" என்றாள். கூட்டத்துக்கு முன்னே நடப்பவன் அவளுடைய அண்ணன்தான், ஈட்டிக்காரன். "எதைத் தின்னுவே? கல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

தின்றது புல் விதையை. மலைச்சரிவு முழுக்க அது மஞ்சளாக முற்றிக் கிடந்தது. வழக்கமாக, போகிற போக்கில் ஒரு கைப்பிடி உருவி வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். இந்த முறை அவள் கூடை கூடையாக உருவினாள். முளைவிடாமல் இருக்க வறுத்தாள். தரையில் குழி தோண்டி, களிமண் பூசி, உள்ளே நெருப்பு மூட்டி இறுக்கி, விதையைக் கொட்டிப் பலகைக்கல்லால் மூடினாள். புருஷன் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து குழியைச் சுற்றிக் கல் அடுக்கினான். நெஞ்சளவு சுவர், மேலே கிளையும் தோலும், ஒரு பக்கம் நுழைய இடைவெளி. அதற்குள் படுக்க முதலில் அவளுக்கு மூச்சு முட்டியது. பிறகு வெளியே படுத்தால்தான் தூக்கம் வரவில்லை.

குளிர் தொடங்கியதும் கூட்டம் திரும்பி வந்தது. எல்லோருக்கும் கன்னம் ஒட்டியிருந்தது. மான்கள் வேறு பக்கம் போய்விட்டனவாம்.

ஈட்டிக்காரன் நேராக உள்ளே நுழைந்தான். யார் ஒதுங்கிய இடத்திலும் யாரும் நுழையலாம்; கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதே இல்லை. பலகைக்கல்லை நகர்த்திப் பார்த்தான்.

"அடேயப்பா! மலையையே உள்ளே இறக்கி வச்சிருக்கியே தங்கச்சி! எல்லாரும் வாங்க, கூறு போட்டுடலாம்."

அவள் கல்லை இழுத்து மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டத்தார் வாசலில் வந்து குவிந்தார்கள். கிடைத்ததைக் கூறு போடாமல் வைத்துக்கொள்வதைவிடப் பெரிய கேவலம் அவர்களிடம் கிடையாது. அவளும் அப்படி வளர்ந்தவள்தான், முகம் சுட்டது. ஆனால் கூறு போட்டால் இரண்டே நாளில் குழி காலி. அண்ணன் எழுந்து நடந்துவிடுவான். முறிந்த காலையும் இந்த வயிற்றையும் வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவது?

"ஏம்மா, வெக்கமா இல்லை?" அண்ணி வெளியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாங்க என்னைக்காவது ஒளிச்சு வச்சுத் தின்னோமா?"

"ஒளிச்சு வச்சிருந்தா, இப்படிக் கல்லு மேலே ஏறி உட்காருவேனா அண்ணி?"

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"மானை வச்சிருந்தா நாறிப்போகும், அதான் கூறு போட்டோம்" என்றாள் அண்ணனிடம். "இது நாறாது அண்ணே. மறுபடி புல்லு முத்துற வரைக்கும் தாங்கும். தினமும் நானே அள்ளி, அரைச்சு, எல்லாருக்கும் சுட்டுத் தரேன். ஒருத்தர் வயிறும் காயாது. ஆனா இந்தக் கல்லை நான்தான் திறப்பேன்."

"அப்போ நாங்க உன் கையைப் பார்த்து நிக்கணுமா?"

"இத்தனை காலம் உன் ஈட்டியைப் பார்த்து நின்னேனே, நான் என்ன தேய்ஞ்சா போயிட்டேன்?"

அவன் பார்வை அவள் புருஷன்மேல் திரும்பியது.

"என்னை எதுக்கு முறைக்கிறீங்க மச்சான்? நானே கேட்டுத்தான் தின்னுறேன்."

ஈட்டிக்காரன் விருட்டென்று வெளியேறினான். அன்று அவள் அரைத்துச் சூடான கல்லில் சுட்டுக் கொடுத்ததை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அண்ணிகூடத் தின்றாள். அவன் மட்டும் வரவில்லை. ஆட்களைக் கூட்டி வந்து கல்லைப் புரட்டினால் தடுக்க அவளிடம் எதுவும் இல்லை. இருந்தாலும் மறுநாளும் எல்லோருக்குமாக அள்ளினாள். அவன் பங்கையும் சேர்த்தே அரைத்தாள்.

பொழுது சாய்கையில் நுழைவாயிலில் வெளிச்சம் மறைந்தது. அண்ணன். கையில் இரண்டு முயல். உள்ளே வைக்கத் தூக்கிய காலை, என்ன நினைத்தானோ, பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவள் அறிந்து எவரும் அப்படி நின்றதில்லை. எப்படிக் கேட்பதென்று அவனுக்கும் தெரியவில்லை. தொண்டையைச் செருமினான்.

"தங்கச்சி... உள்ளே வரலாமா?"

புருஷன் வாயைப் பிளந்தான். அவள் மாவுக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு அண்ணனின் கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரை சேறு.

"வாண்ணே" என்றாள். "காலைக் கழுவிட்டு வா."