வாய் திறந்து தூங்குகிறவள்

இதுவும் அடுப்புக்குத்தான் போகப்போகிறது. போகட்டும். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப்போவதில்லை. முன்பு செதுக்கிய கிளி போயிற்று, முறத்தில் புடைக்கிற கை போயிற்று, இதுவும் போனால் என்ன குறைந்துவிடும்?

இப்படி நினைத்துக்கொண்டே கமலா மடியில் கிடந்த மரச்சிலையைத் திருப்பினாள். வலது தோளில் தொடங்கிய வெடிப்பு இடுப்புவரை இறங்கியிருந்தது. நேற்று மயிரிழை போலத்தான் இருந்தது. தை மாதப் பனியும் வெயிலும் மாறி மாறிப் பட்டு, இப்போது நகம் நுழைகிற அளவுக்கு அகன்றுவிட்டது.

கள்ளக்குறிச்சியில் கொளஞ்சியப்பன் மேஸ்திரியின் மரச்சிற்பப் பட்டறையில் அவளுக்குத் தேய்ப்பு வேலை. ஆண்கள் உளி பிடிப்பார்கள், பெண்கள் உப்புத்தாள் பிடிப்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. செய்த வேலை உடைந்தோ வெடித்தோ பின்னமாகிவிட்டால் மேஸ்திரி திட்டமாட்டார். செய்தவனே அதை எடுத்துப்போய், டீ கொதிக்கிற அடுப்பில் வைத்துவிட்டு வரவேண்டும். கண் திறந்த சாமியாக இருந்தால் மட்டும் ஏரியில் விடுவார்கள். மற்றதெல்லாம் டீக்குத்தான்.

திட்டாமலிருப்பதுதான் கொடுமை என்று கமலாவுக்குத் தோன்றும். கைதேர்ந்த வீரமுத்துவே ஒருமுறை தும்பிக்கை உடைந்த யானையைத் தூக்கிக்கொண்டு, எல்லார் கண்ணும் முதுகில் பட, அடுப்பை நோக்கி நடந்ததைப் பார்த்திருக்கிறாள். அந்த நடையைத் தன்னால் நடக்க முடியாது என்றுதான் வீட்டில், பட்டறையில் கழித்துப்போட்ட உளியை வைத்துக்கொண்டு, ஒருவருக்கும் தெரியாமல் செதுக்கினாள். மற்றவர்கள் பின்னம் என்று சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிக்கொண்டாள், தானே எரித்தாள். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஆனால் இந்தச் சிலை அவள் தேடிப் போய்ச் செய்ததல்ல.

போன புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைகளை மறித்தார்கள் அல்லவா, அப்போது அவள் சங்கராபுரத்தில் அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டாள். பஸ் கிடையாது. விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று பேச்சு. இருப்புக் கொள்ளாமல் நடந்தே கிளம்பினாள். பாதி வழியில் பெரிய வாகை மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் அதை வெட்டிச் சாய்த்த பையன்கள், அந்தப் பக்கம் போலீஸ் ஜீப். இரண்டுக்கும் நடுவே, மலையிலிருந்து சீத்தாப்பழக் கூடையோடு இறங்கிவந்த ஒருத்தி. பழம் இனி சந்தைக்குப் போகாது, அழுகத்தான் போகிறது என்று தெரிந்ததும் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பையன்களுக்கும் கொடுத்தாள், போலீஸ்காரர்களுக்கும் கொடுத்தாள், வழியில் போன கமலாவுக்கும் ஒன்று நீட்டினாள். பிறகு காலி கூடையைப் பக்கத்தில் வைத்து, வெட்டுண்ட மரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அப்படி ஒரு தூக்கம். கழுத்து ஒரு பக்கம் சரிந்து, வாய் நன்றாகத் திறந்து, வீங்கிய ஒரு கால் முன்னால் நீண்டு. ஊரே சுற்றி நிற்கிறது, எந்த நேரமும் கல்லோ தடியோ பறக்கலாம், அவள் குறட்டை விடுகிறாள். கமலாவால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் தனியாக நிற்கும்போதுகூட உதட்டைச் சரிசெய்துகொள்கிறவள் கமலா. இவளுக்கு எப்படி முடிகிறது? அது வெட்கமில்லாமை அல்ல என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. தைரியம் என்றும் சொல்ல முடியவில்லை. அதைவிட எளிதான, அதைவிடப் பெரிய ஏதோ ஒன்று.

மரத்தை அப்புறப்படுத்தக் கூலிக்குப் போனவர்களில் ராசுவும் ஒருவன். கமலாவோடு தேய்ப்பு வேலை செய்யும் ஆயம்மாளின் புருஷன். அவனிடம் கேட்டு ஒரு துண்டு வாங்கினாள்.

"பச்ச மரம்க்கா. ஒரு கோடையாவது காயணும். இப்பவே உளி வெச்சா வெடிச்சிக்கும்" என்றான் ராசு.

அவளுக்கும் தெரியும். ஆனால் மரம் காயும்வரை காத்திருந்தால் அந்த வாய் மறந்துபோகும். அதனால்தான் உடனே உளியை எடுத்தாள். அதன் பலன் இதோ, மடியில்.

பட்டறை அடுப்பிலேயே போட்டுவிடலாம், வீட்டில் விறகும் ஈரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, பழைய புடவைத் துண்டில் சிலையைச் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். விறகு ஒன்றும் ஈரமில்லை. அது அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு சுவரோரம் கடுக்காயைக் குவித்து வைத்துக்கொண்டு அந்த மலைக்காரி உட்கார்ந்திருந்தாள். விழித்திருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு அந்தச் சரிந்த கழுத்து தெரிந்தது. கமலா தாண்டிப் போனாள். டீக்கடை வரை போய்விட்டாள். காட்டினால் என்ன சொல்வாள்? என்னைக் கேட்காமல் எப்படிச் செய்தாய் என்பாள். நானா இது என்பாள். இல்லாவிட்டால் ஒன்றுமே சொல்லாமல் கடுக்காய் வேணுமா என்பாள், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அடுப்புக்குப் போகிற கட்டைதானே, போகிற வழியில் ஒருத்தி பார்த்துவிட்டுப் போகட்டும் என்று உள்ளே இன்னொரு குரல் கேட்டது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மரம் வெட்டிப் போட்டப்ப சங்கராபுரம் ரோட்டுல தூங்கினு இருந்தீங்களே. எனக்கு சீத்தாப்பழம் குடுத்தீங்க."

"ஆமா. அதுக்கின்னா இப்ப, கொட்டைய திருப்பிக் குடுக்க வந்தியா?"

கமலா துணியைப் பிரித்து நீட்டினாள்.

காசியம்மாள், அதுதான் அவள் பெயர், கரியாலூர்க்காரி, சிலையை வாங்கி மடியில் நிறுத்திப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவளை முழங்கையால் இடித்தாள். "ஏ, இங்க பாரு. நானு."

"வாயப் பாரேன்" என்றாள் பூக்காரி. "ஈ பூந்து வூடு கட்டியிருக்கும்."

"கட்டட்டும். வாடக குடுத்துட்டுப் போவட்டும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு காசியம்மாள் குறை சொல்ல ஆரம்பித்தாள். "காதுல கம்மலு எங்க? அன்னைக்குப் போட்டுனுதான் இருந்தேன். கழுத்து இன்னா இம்மா நீளம், கொக்கா நானு? மூக்கு வேற யாரு மூக்கோ." சிலையின் பாதத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "காலு மட்டும் அச்சு. முள்ளு ஏறி சீழ் வெச்சினு இருந்துது. அத ஒருத்தரும் பாக்கலனுதான் நெனச்சேன்."

கமலா காத்திருந்தாள். வெடிப்பைப் பற்றி எப்போது சொல்வாள்? பொறுக்க முடியாமல் தானே சொன்னாள். "தோள்ல வெடிச்சிருக்குதுங்க."

"பச்ச மரம்னா வெடிக்கும்" என்றாள் காசியம்மாள், மார்கழியில் குளிரும் என்பதுபோல. "நான் அத எங்க பாத்தேன்? வாயத்தான பாத்துனு இருந்தேன்."

சிலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு பட்டறைக்கு நடக்கும்போது கமலா அதை மூடவில்லை, புடவைத் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். காது, கழுத்து, மூக்கு என்று இத்தனை குறை கேட்டும் உள்ளே ஏதும் இடிந்து விழவில்லை. இத்தனை வருஷம் எந்தக் குறைக்குப் பயந்தாளோ, அது சிலையைப் பார்த்தவள் கண்ணில் படவேயில்லை. அவள் எண்ணிப் பார்த்திராத இடத்தில், முள் ஏறிய ஒரு காலில், பார்த்தவள் தன்னைக் கண்டுகொண்டாள்.

பட்டறையில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. வீரமுத்து அவள் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டான். "இன்னாக்கா, பின்னமா? அடுப்பு அந்தப் பக்கம்."

"தெரியும்" என்றாள். எல்லார் கண்ணும் முதுகில் பட அடுப்பைத் தாண்டி நடந்து, மேஸ்திரியின் பாய்க்கு முன்னால் சிலையை வைத்தாள்.

"யாரு செஞ்சது?" என்றார் கொளஞ்சியப்பன்.

"நான்தாங்க."

உளியைத் தட்டும் கொட்டாப்புளிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிலையைத் திருப்பினார். வெடிப்பில் விரல் வைத்தார், எடுத்தார். கழுத்தைப் பார்த்தார். முகத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"அக்கா உளி புடிச்சா நம்ம சாமிங்க எல்லாம் தூங்கிடும் மேஸ்திரி" என்றான் வீரமுத்து.

"நீ கொஞ்சம் வாய மூடினு பாருடா" என்றாள் ஆயம்மாள். அவள் மரத்தூளும் பசையும் கலந்து மக்கு குழைத்துக்கொண்டிருந்தாள். "எங்கூட்டுக்காரரு தூக்கியாந்த கட்டையாடி இது?"

வீரமுத்து எழுந்துவந்து குந்தினான். அதற்குப் பிறகு அவன் கிண்டல் பேசவில்லை.

"நான் செஞ்ச பொம்பளைங்க எல்லாம் யாரோ பாக்கறாங்கனு தெரிஞ்சி நின்னுனு இருக்காங்க" என்றார் மேஸ்திரி மெதுவாக. "இவ ஒருத்திதான்..." முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கமலா அந்தக் கையையே பார்த்தாள். முப்பது சாமிக்குக் கண் திறந்த கை அது.

"கடலூர் கண்காட்சிக்கு சாயங்காலம் வேன் போவுது. இதையும் ஏத்திடலாம். உன் பேரையே எழுதி வெக்கறேன்" என்றார். "ஆயம்மா கிட்ட மக்கு வாங்கி அந்த வெடிப்ப அடைச்சிடும்மா. அப்படியே வாயையும் அடைச்சி ரெண்டு உதட்டையும் சேத்துடு. நாலு பெரிய மனுசங்க வர்ற எடம். பொம்பள வாயத் தொறந்துனு கெடந்தா நல்லாருக்காது."

ஆயம்மாள் மக்குக் கிண்ணத்தை நகர்த்தினாள். கமலா அதைப் பார்த்தாள். கடலூர். ஓர் அட்டையில் தன் பெயர். ஒரு சிட்டிகை மக்கு, கொஞ்சம் உப்புத்தாள், அவ்வளவுதான். அவள் கைக்கு அது பழகிய வேலை. பட்டறைச் சிலைகளின் எத்தனையோ சின்ன வெடிப்புகளைக் கண்ணுக்குத் தெரியாமல் அப்படி மூடியிருக்கிறாள்.

"வாணாங்க மேஸ்திரி."

"இப்படியே அனுப்ப முடியாதும்மா."

"பரவால்லீங்க. எங்க வூட்டு வாசல் பலகையில வெச்சிக்கிறேன். போறவங்க வர்றவங்க பாத்துட்டுப் போவட்டும்."

கிண்ணத்தை ஆயம்மாள் பக்கமே திருப்பித் தள்ளினாள். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து உப்புத்தாளை எடுத்தாள்.

"அவ தூங்கட்டுங்க" என்றாள்.